இன்டர்ன்ஷிப் சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா தெரியுமா? எஃப்-1 மாணவரின் கேள்விக்கு ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கிறீர்கள். வயது 21 தாண்டிவிட்டது. நண்பரின் பிறந்தநாளில் கடையில் முறையாக வாங்கிய 10 மில்லிகிராம் கஞ்சா மிட்டாய் ஒன்றைச் சாப்பிட்டீர்கள். அதற்கு முன்னும் பின்னும் தொட்டதில்லை. இப்போது டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் கோடை இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. போதைப்பொருள் பரிசோதனையில் தேறினால்தான் வேலை என்று ஆஃபர் கடிதம் சொல்கிறது. மிட்டாய் சாப்பிட்டு இரண்டு வாரம் ஆகிறது. பரிசோதனையில் தெரியுமா, எச்.ஆரிடம் முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லதா என்று கேட்கிறீர்கள். விசாவுக்கு இதனால் ஆபத்து வருமா என்பதை நீங்கள் நேராகக் கேட்கவில்லை; ஆனால் உங்கள் பயமெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று படுகிறது. முதல் இரண்டுக்கும் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்குத்தான் நிதானம் வேண்டும்.

சிறுநீர்ப் பரிசோதனை என்றால், ஒரே ஒரு முறை, 10 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு முன்பு என்ற கணக்கில் பாசிட்டிவ் வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. காரணத்தைத் தெரிந்துகொண்டால் பயம் தானாகக் குறையும். கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சியை ஈரல் உடைக்கும்போது டிஎச்சி கார்பாக்சிலிக் அமிலம் என்ற ஒன்று மிஞ்சுகிறது. சிறுநீரில் தேடுவது இதைத்தான். இதற்குப் போதை கிடையாது; கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வெளியேறும். முதல் கட்டச் சோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் மாதிரி அடுத்த கட்டத்துக்குப் போகும். அங்கே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அந்த ஒரு பொருளை மட்டும் தனியே பிரித்து அளப்பார்கள். அதன் வரம்பு 15 நானோகிராம். மத்திய அரசு விதிகளில் உள்ள எண்கள் இவை. பெரும்பாலான தனியார் நிறுவனங்களும் இவற்றையே பின்பற்றுகின்றன. சில நிறுவனங்கள் முதல் கட்டத்தை 20 என்று வைத்திருக்கின்றன. எப்போதாவது ஒரு முறை பயன்படுத்தியவருக்கு 50 வரம்பில் மூன்று நான்கு நாளுக்கு மேல் நிற்பது அரிது. 20 வரம்பில் ஏறத்தாழ ஒரு வாரம். தினமும் பயன்படுத்துபவர் கதை வேறு. பல வாரம் நிற்கும், ஒரு மாதத்தைத் தாண்டுவதும் உண்டு. இணையத்தில் "30 நாள்" என்று எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்வது அவர்களுடைய கணக்கு. இருந்தாலும் உடல் எடை, கொழுப்பு, ஈரலின் வேகம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், இந்த நாளில் நிச்சயம் நெகட்டிவ் என்று எந்த ஆய்வகமும் எழுதித் தராது. நானும் சொல்ல மாட்டேன்.

முடிப் பரிசோதனை என்றால் கணக்கு மாறும். உச்சந்தலையை ஒட்டி ஒன்றரை அங்குல முடியை வெட்டி எடுப்பார்கள்; முடி மாதம் அரை அங்குலம் வளரும் என்ற கணக்கில் அது சுமார் 90 நாள் வரலாறு. ஹூஸ்டனைச் சுற்றியுள்ள பெட்ரோகெமிக்கல் ஆலைகளில் இந்த முறை புழக்கத்தில் இருப்பதால், ஆலைக்குள் போகிற வேலையா அலுவலக வேலையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடி பிடிப்பது பெரும்பாலும் தொடர் பழக்கத்தைத்தான். ஒரே ஒரு மிட்டாய் அதில் தெரியாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் சிறுநீர் விஷயத்தில் சொன்ன அளவு உறுதியாக இதைச் சொல்ல முடியாது. எச்சில் பரிசோதனை டிஎச்சியையே நேராகத் தேடுவது. ஒரு முறை பயன்படுத்தியவருக்கு அது ஒன்றிரண்டு நாளுக்குள் முடிந்துவிடும். எந்த வகைப் பரிசோதனை என்பது நீங்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்திலோ, மையத்துக்குப் போகச் சொல்லி வரும் மின்னஞ்சலிலோ இருக்கும்.

இனி ஒரு மிட்டாய் கூட வேண்டாம். "கஞ்சா இல்லை, சிபிடி எண்ணெய்தான்" என்ற சமாதானமும் வேண்டாம். சிபிடி (CBD) என்பது கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத பொருள். 2017ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களைச் சோதித்தது. 18ல் டிஎச்சி இருந்தது. லேபிளை நம்பிச் சாப்பிட்டவருக்கும் பாசிட்டிவ் வரலாம், அதை யாரும் சாக்காக ஏற்க மாட்டார்கள். பெட்ரோல் பங்குக் கடைகளில் டெல்டா-8 என்று விற்கும் டிஎச்சியின் இன்னொரு வகையும் அப்படித்தான். முதல் கட்டச் சோதனை அதையும் பிடிக்கும். பக்கத்தில் இருந்தவர் விட்ட புகையால் பாசிட்டிவ் வருமா என்று பலர் கேட்பார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2015ல் வெளியிட்ட சோதனையில், காற்றோட்டமே இல்லாத மூடிய அறையில் கடும் புகை நடுவே உட்கார வைத்தபோதுதான், அதுவும் அடுத்த சில மணி நேரத்துக்கு மட்டும், 50 வரம்பைத் தாண்டியது. சாதாரணப் பார்ட்டியில் புகை பட்டதாகச் சொல்லி யாரும் தப்பிக்க முடியாது.

மறைக்கும் வித்தைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. "டீடாக்ஸ்" பானம் என்று விற்பதெல்லாம் கடைசியில் நிறையத் தண்ணீரும் கொஞ்சம் வைட்டமினும்தான். ஆய்வகம் சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவுப் பொருளான கிரியேட்டினினையும், சிறுநீரின் அடர்த்தியையும் சேர்த்தே பார்க்கும். கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழும், அடர்த்தி 1.0030க்குக் கீழும் போனால் "டைல்யூட்" (நீர்த்த மாதிரி) என்று எழுதுவார்கள். நிறுவனம் திரும்ப வரச் சொல்லும், சில நேரம் முன்னறிவிப்பே இல்லாமல். கஞ்சாவைத் தொட்டே இராத பிள்ளைகளும் பதற்றத்தில் காலையிலிருந்து மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு இதில் மாட்டிக்கொள்கிறார்கள். வழக்கம்போல் குடித்தால் போதும். வேறொருவர் சிறுநீரையோ செயற்கைச் சிறுநீரையோ கொண்டுபோவது டெக்சாஸில் குற்றம்: வகுப்பு பி மிஸ்டிமீனர் (சிறு குற்றம்), 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். வேலை போவதோடு முடிய வேண்டிய விஷயத்தைக் கைது வரை கொண்டுபோகும் வழி அது.

பரிசோதனை நாளில் நடப்பது இப்படி. மின்னஞ்சலில் ஒரு பார்கோடும் கெடுவும் வரும். கெடு பல நேரம் ஒன்றிரண்டு நாள்தான். அதைத் தவறவிட்டால் பரிசோதனைக்கு மறுத்ததாகவே பல நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும். தேர்வு, புராஜெக்ட் என்று ஒத்திப்போடாதீர்கள். பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள். பல்கலைக்கழக அட்டையைச் சில மையங்கள் ஏற்பதில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி, பையை வெளியே வைத்து, பாக்கெட்டுகளைக் காலி செய்யச் சொல்வார்கள். கழிப்பறைத் தொட்டியில் நீல நீர் இருக்கும், குழாயை அடைத்திருப்பார்கள், அவர்கள் சொல்லும் வரை ஃபிளஷ் செய்யக் கூடாது. கோப்பையை நீட்டியதும் நான்கு நிமிடத்துக்குள் அதன் பக்கவாட்டில் ஒட்டிய பட்டையில் வெப்பத்தைப் பார்ப்பார்கள். 90 முதல் 100 ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். மத்திய அரசு விதிப்படி நடக்கும் அரசு முறைப் பரிசோதனையில் குறைந்தது 45 மில்லிலிட்டர் கேட்பார்கள். வராவிட்டால் மூன்று மணி நேரம் வரை உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குப்பியை உங்கள் கண் முன்னால் மூடி முத்திரை ஒட்ட வேண்டும். அந்த முத்திரையில் உள்ள எண்ணும் படிவத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அவசரத்தில் யாரும் பார்க்காமல் விடும் இடம் அது. பின்னாளில் மாதிரி மாறிவிட்டது என்று வாதாட நேர்ந்தால், உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அந்த எண்தான்.

நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் முடிவு நிறுவனத்துக்குப் போய்விடும். தாமதமானால் மருத்துவ மறுஆய்வு அதிகாரி என்ற டாக்டர் உங்களை அழைக்கக்கூடும். இங்கேதான் நம் மாணவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள்: தெரியாத எண், மோசடி அழைப்பு என்று நினைத்து எடுப்பதில்லை, வாய்ஸ்மெயிலும் நிறைந்து கிடக்கும். அவர் சில முறை முயன்று பார்த்து, நிறுவனம் வழியாகவும் செய்தி சொல்லி, அப்படியும் கிடைக்காவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலேயே பாசிட்டிவ் என்று முடித்துவிடலாம். அந்த ஒரு வாரம் எல்லா அழைப்பையும் எடுங்கள். அவர் உங்கள் வைத்தியர் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். மருந்துச் சீட்டு போன்ற நியாயமான காரணம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. கஞ்சாவுக்கு அப்படிக் காரணம் காட்ட இடமில்லை. மாநிலம் தரும் மருத்துவக் கஞ்சா அட்டையைக் கூட அரசு முறைப் பரிசோதனையில் ஏற்பதில்லை.

ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துகளுக்கு அந்த அழைப்பு உயிர்காக்கும். வழக்கமான ஐந்து வகைப் பரிசோதனையில் கஞ்சா, கொக்கேயின், ஆம்ஃபெட்டமின், ஓபியாய்டு (அபின் வகை மருந்துகள்), பிசிபி என்ற மாயப்போதைப் பொருள் ஆகியவை இருக்கும். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தால் ஓபியாய்டில் காட்டும். ஊர் டாக்டர் எழுதிய சீட்டு, மருந்துக் கடை ரசீது, மருந்தின் உறை ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே போல் குருமாவுக்கு அரைத்து விடும் கசகசா. அதில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் சிறுநீரில் நிஜமாகவே வரும். அதற்காகத்தான் மத்திய விதிகளில் மார்ஃபின், கோடீன் வரம்பை 1998ல் 300லிருந்து 2,000 நானோகிராமாக உயர்த்தினார்கள். எல்லாத் தனியார் நிறுவனங்களும் இந்த மாற்றத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயமில்லை. பரிசோதனைக்கு மூன்று நான்கு நாள் முன்பே கசகசா சேர்த்த குருமாவையும் பாயசத்தையும் நிறுத்திவிடுங்கள்.

இனி சட்டம். கொலராடோவில் கஞ்சா சட்டப்படி சரி என்பதால் வேலையில் பாதுகாப்பு உண்டு என்று நினைப்பது தவறு. 2015ல் கோட்ஸ் எதிர் டிஷ் நெட்வொர்க் வழக்கில், மருத்துவ அட்டையோடு வீட்டில் பயன்படுத்திய ஊழியரைக் கூட வேலையிலிருந்து நீக்கலாம் என்று கொலராடோ உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கலிபோர்னியாவும் வாஷிங்டனும் 2024 ஜனவரி 1 முதல் இதை மாற்றின. போதையில்லாத அந்த மிச்சப் பொருளை மட்டும் காட்டி வேலை தர மறுக்க முடியாது. ஆனால் மத்திய அரசு கட்டாயமாக்கிய பரிசோதனை, பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் பணி, கலிபோர்னியாவில் கட்டுமானத் தொழில், வாஷிங்டனில் விமானத் துறை என்று விதிவிலக்குகள் உண்டு. நியூயார்க், நியூ ஜெர்சி, நெவாடாவிலும் ஏதோ ஒரு வகைப் பாதுகாப்பு இருக்கிறது. டெக்சாஸில் இல்லை. பொதுவாக வேலை நடக்கும் மாநிலத்தின் சட்டமே பொருந்தும் என்பதால் உங்களுக்கு டெக்சாஸ்தான் கணக்கு. 1988ன் போதையற்ற பணியிடச் சட்டம் பரிசோதனையைக் கட்டாயமாக்குகிறது என்று சில எச்.ஆர்.களே சொல்வார்கள். அந்தச் சட்டம் கொள்கை வகுக்கச் சொல்கிறதே ஒழிய, பரிசோதனை செய்யச் சொல்லவில்லை. பெரும்பாலான அலுவலக வேலைகளில் பரிசோதனை நிறுவனத்தின் சொந்த விருப்பம்தான்.

கேட்காத ஒன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். மீந்த மிட்டாய்ப் பொட்டலம் ஏதாவது இருந்தால் அதைக் காரில் போட்டுக்கொண்டு ஹூஸ்டனுக்குக் கிளம்பாதீர்கள். டெக்சாஸில் இரண்டு அவுன்ஸுக்குக் குறைந்த கஞ்சா இலை மிஸ்டிமீனர். ஆனால் டிஎச்சி சாறு சேர்த்த மிட்டாய் ஃபெலனி (கடுங்குற்றம்). அதிலும் எடை போடும்போது சர்க்கரை, ஜெலட்டின் எல்லாம் சேர்த்துத்தான் போடுவார்கள். 100 மில்லிகிராம் டிஎச்சி உள்ள பொட்டலத்தின் மொத்த எடை 40 கிராம் என்றால் வழக்கு 40 கிராமுக்கு; 4 கிராமிலிருந்து 400 கிராமுக்குள் வந்தால் இரண்டாம் நிலை ஃபெலனி, 2 முதல் 20 ஆண்டு. கொலராடோ கடையில் ரசீதோடு வாங்கிய அதே பொட்டலம்தான் இது.

விசாவுக்கு வருவோம். மத்தியச் சட்டத்தில் கஞ்சா 1970 முதல் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அதைக் கட்டுப்பாடு குறைந்த அட்டவணைக்கு மாற்றும் முன்மொழிவு 2024 மே மாதம் வந்தது. அட்டவணை மாறினாலும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் பொழுதுபோக்காகப் பயன்படுத்துவது மத்தியச் சட்டத்தில் சரியாகிவிடாது. குடிவரவுச் சட்டம் இரண்டு இடத்தில் உங்களைத் தொடும். நாட்டுக்குள் இருக்கும்போது போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை கிடைத்தால் நாடு கடத்தலாம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் அல்லது அதற்குக் குறைவாகக் கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு வழக்குக்கு மட்டும் விலக்கு. மிட்டாய்க்கு அந்த 30 கிராம் கணக்கு எப்படிப் பொருந்தும் என்பதில் வழக்கறிஞர்களிடமே ஒருமித்த கருத்து கிடையாது. நாட்டுக்குள் நுழையும்போதும் விசா கேட்கும்போதும் விதி இன்னும் கடுமை. அங்கே தண்டனையே தேவையில்லை. குற்றத்தின் கூறுகளை நீங்களே ஒப்புக்கொண்டால் போதும், அந்த 30 கிராம் விலக்கும் தானாகக் கிடைக்காது. டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில், கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் பற்றிய எந்தச் சட்டத்தையாவது எப்போதாவது மீறியதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. விசா ஸ்டாம்பிங்குக்குச் சென்னைக்குப் போகும்போது அதே கேள்வி மறுபடி வரும்.

தனியார் நிறுவனப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் அது தண்டனை அல்ல. முடிவு வெளிநாட்டு மாணவர்களின் அரசுப் பதிவேடான செவிஸுக்கோ குடிவரவுத் துறைக்கோ தானாகப் போவதுமில்லை. ஆபத்து உங்கள் வாயிலிருந்தும் கையெழுத்திலிருந்தும்தான் வரும். எச்.ஆருக்கு "மனசாட்சி உறுத்துகிறது, ஒரு முறை சாப்பிட்டேன்" என்று மின்னஞ்சல் எழுதினால், கேட்காத இடத்தில், நீங்களே கையெழுத்திட்ட ஒப்புதல் வாக்குமூலம் ஒன்று நிரந்தரமாக நின்றுவிடும். எனவே எச்.ஆரிடம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். அதற்காகப் பொய்யும் சொல்ல வேண்டாம். குடிவரவு அதிகாரியிடம் பொய் சொன்னது நிரூபணமானால் வாழ்நாள் தடை. மிட்டாயை விடப் பல மடங்கு மோசமான விளைவு அது. எந்தப் படிவத்திலாவது நேரடியாக இந்தக் கேள்வி வந்தால், நிரப்புவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். சாப்பிட்டதும் வைத்திருந்ததும் சட்டத்தில் ஒன்றா, ஒப்புதல் என்று எதைக் கருதுவார்கள் என்பதெல்லாம் நுணுக்கமான விஷயம், ஊர்பேர் தெரியாதவர் பதிலை நம்பி எடுக்கும் முடிவு அல்ல. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் சட்ட உதவி மையம் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ ஆலோசனை தரும், அங்கே தொடங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பிறந்தநாள் படங்கள் இருந்தால், விமான நிலையத்தில் அதிகாரிகள் போனைத் திறந்து பார்க்க அதிகாரம் உண்டு என்பதையும் வழக்கறிஞரிடம் சொல்லிக் கேளுங்கள். மாநில மருத்துவ அட்டை வாங்குவது, கஞ்சா நிறுவனங்களில் மென்பொருள் வேலை பார்ப்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம். மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசுப் பார்வையில் அவை உங்களுக்கு எதிரான ஆவணம்.

ஒருவேளை பாசிட்டிவ் வந்து ஆஃபர் போய்விட்டால் செய்ய வேண்டியது இது. மறுசோதனை கேட்க வழி உண்டா, எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்று அந்த மருத்துவ அதிகாரியிடமே கேளுங்கள். அரசு முறையில் 72 மணி நேரம், தனியாரில் நிறுவனக் கொள்கைப்படி, செலவு பெரும்பாலும் உங்களுடையது. உங்கள் சிபிடி (CPT; முன்பு சொன்ன எண்ணெய் அல்ல, படிப்பின் பகுதியாக வேலை பார்க்க எஃப்-1 மாணவருக்குத் தரும் அனுமதி) அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே ஆனது. வேலை இல்லை என்றான பிறகு அதை வைத்துக்கொண்டு வேறு இடத்தில் ஒரு நாள் கூட வேலை பார்க்கக் கூடாது. வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் பல்கலைக்கழக அலுவலரான டிஎஸ்ஓவிடம் இன்டர்ன்ஷிப் ரத்தாகிவிட்டது என்று தெரிவித்து, ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தில் உள்ள சிபிடியை நீக்கச் சொல்லுங்கள். ரத்தான காரணத்தை அவரிடம் விவரிக்க வேண்டியதில்லை. கேட்டால், வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாம். கோடை விடுமுறையில் வேலை பார்க்காமல் இருப்பதால் எஃப்-1 நிலைக்குக் கேடு வராது, வழக்கமான படிப்பு ஆகஸ்டில் தொடர்ந்தால் போதும். ஆனால் சிபிடிக்காக ஒரு கிரெடிட் பாடம் பதிவு செய்திருப்பீர்கள். அதை நீக்கும் கடைசித் தேதியை அன்றே பாருங்கள், தவறினால் கட்டணமும் போய், எஃப் கிரேடும் விழும்.